பிறிதொரு நோயின் பெயரில்: நீரிழிவுத் தோல் தொற்றுகளின் வரலாறும் தாம்பரம் – செங்கல்பட்டு வட்டாரமும்

ஆய்வுச்சுருக்கம்

நீரிழிவு உடையோருக்குத் தோலிலும் தோலடித் திசுக்களிலும் தோன்றும் பாக்டீரியாத் தொற்றுகள் தமிழகத்தில் நெடுங்காலமாக அறியப்பட்டவை. எனினும் அவை பெரும்பாலும் வேறொரு நோயின் பெயராலேயே அறியப்பட்டன. பிளவை, தொழுநோய், காசநோய் ஆகிய மூன்று பெயர்களின் நிழலில் இத்தொற்றுகள் பார்க்கப்பட்டதையும், பின்னர் அந்நிழலிலிருந்து பிரித்தறியப்பட்டதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தாம்பரம் காசநோய் மருத்துவமனை, தேசிய சித்த மருத்துவ நிறுவனம், செங்கல்பட்டுத் திருமணி தொழுநோய் நிலையம் ஆகியவை அமைந்த தென்சென்னைப் புறநகர் நெடுவழி ஆய்வின் களமாகக் கொள்ளப்படுகிறது. இரங்கூனில் 1911ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட மெலியாய்டோசிஸ் என்னும் நோயின் வரலாறு ஒப்பீட்டுச் சான்றாக அமைகிறது.

திறவுச்சொற்கள்: நீரிழிவு, மதுமேகம், பிளவை, ராஜபிளவை, உணர்விழந்த பாதம், மெலியாய்டோசிஸ், தாம்பரம், செங்கல்பட்டு.

1. முன்னுரை

ஒரு நோய்க்கு மக்கள் இடும் பெயர் வெறும் அடையாளம் அன்று. அந்நோயை யார் பார்க்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும், எதனால் வந்தது என நம்ப வேண்டும் என்பவற்றையும் அப்பெயரே முடிவு செய்கிறது. மருத்துவ வரலாற்றில் இவ்வுண்மைக்குச் சான்றுகள் பல. நீரிழிவு உடையோரின் தோல் தொற்றுகள் அவற்றுள் தனித்த கவனத்துக்கு உரியவை. சிறுநீரிலும் குருதியிலும் சர்க்கரை மிகுவது கண்ணுக்குத் தெரியாத நிகழ்வு. அதன் விளைவாகத் தோலில் எழும் கட்டியும் புண்ணும் அழுகலும் கண்ணுக்குத் தெரிபவை. தெரிந்ததற்குப் பெயரிட்டவர்கள், தெரியாத காரணத்தோடு அதனை இணைப்பதற்கு நீண்ட காலம் தேவைப்பட்டது. சில மரபுகள் அவ்விணைப்பை மிகத் தொன்மையிலேயே கண்டன. சில நிறுவனங்கள் தம் வாயிலில் அந்நோயாளி நின்றபோதும் வேறொரு நோயாளியாகவே அவரைப் பதிவு செய்தன.

இந்த முரணை ஆராய்வதற்குத் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரையிலான நெடுவழி ஏற்ற களமாகும். ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் சித்த மருத்துவம், காசநோய் மருத்துவம், தொழுநோய் மருத்துவம் என்னும் மூன்று மரபுகளின் முதன்மையான நிலையங்கள் இங்கே அமைந்துள்ளன. நீரிழிவுக்கென உருவானது இவற்றுள் எதுவும் இல்லை. ஆயினும் நீரிழிவுத் தொற்றுகளைப் பற்றிய அறிவின் வரலாற்றை இம்மூன்றையும் விட்டு எழுத இயலாது.

2. மேகமும் பிளவையும்

தமிழ் மருத்துவ மரபு நீரிழிவை மேக நோய்களுள் ஒன்றாக வைத்தது. மேகம் இருபது என்பது சித்த மருத்துவ நூல்களின் பொதுவான பகுப்பு. வளி, அழல், ஐயம் என்னும் முக்குற்ற அடிப்படையில் இவ்விருபதும் வகுக்கப்படுகின்றன. சிறுநீர் இனிப்பதையும், அது விழுந்த இடத்தில் எறும்பு மொய்ப்பதையும் கொண்டு மதுமேகத்தை அறிவது மரபு. இனிப்புநீர், நீரிழிவு, மதுமேகம் ஆகிய பெயர்கள் மூன்றும் சிறுநீரையே மையமாகக் கொண்டவை. பின்வந்த ‘சர்க்கரை நோய்’ என்னும் வழக்கே கவனத்தைச் சிறுநீரிலிருந்து உணவுக்கு நகர்த்தியது.

தோல் தொற்றுக்குத் தமிழில் அமைந்த சொல் ‘பிளவை’. ‘பிள’ என்னும் வினையடியாகப் பிறந்த இப்பெயர் நோயின் உருவத்தை நேராகக் காட்டுகிறது. அருகருகே உள்ள பல மயிர்க்கால்களில் தொற்றிய கிருமி, தோலடியில் ஒன்றாகப் பரவிச் சீழ்கொள்கிறது. பின்னர் தோல் பல இடங்களில் பிளந்து, சல்லடைக் கண்கள்போல் பல வாய்களைத் திறக்கிறது. இன்றைய நுண்ணுயிரியல் இதற்குப் பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியாவைக் காரணமாகக் கூறும். பிடரியும் முதுகும் இது மிகுதியாகத் தோன்றும் இடங்கள். முதுகில் தோன்றும் கொடிய வகைக்கு ‘ராஜபிளவை’ என்ற பெயர் வழங்கிவருகிறது.

மேகத்துக்கும் பிளவைக்கும் உள்ள உறவு மரபு மருத்துவத்தில் தெளிவாகப் பேசப்பட்டுள்ளது. வடமொழி மருத்துவத்தில் சரகர் ஏழு, சுசுருதர் பத்து எனப் பிரமேகத்தின் விளைவாக எழும் கட்டிகளை வகைப்படுத்தினர். சித்த மருத்துவம் நீரிழிவு முற்றும் படிநிலைகளை ‘அவத்தைகள்’ எனப் பகுத்து, பிளவை எழுதலை நோய் முதிர்ந்ததன் குறியாகக் கொண்டது. குருதியில் சர்க்கரையை அளக்கும் கருவி இல்லாத காலத்தில், முதுகில் எழுந்த ஒரு கட்டியைக் கொண்டு உடல் முழுவதையும் பற்றிய முடிவுக்கு வந்த நோய்க்கணிப்பு இது.

எனினும் ‘ராஜபிளவை’ என்னும் பெயரில் ஒரு மயக்கமும் உண்டு. ‘ராஜ’ என்னும் முன்னொட்டு நோயின் கொடுமையைக் குறித்ததாகவும் கொள்ளலாம். உண்டு கொழுத்தோரின் நோய் என்னும் சமூகக் கருத்தை ஏற்றதாகவும் கொள்ளலாம். இரண்டாவது பொருள் பொதுவழக்கில் வலுப்பெற்றபோது, உழைக்கும் மக்களிடையே அதே தொற்று வெறும் ‘கட்டி’யாகவும் ‘ஆறாத புண்’ணாகவும் நின்றுவிட்டது. செல்வரின் பிளவை மேகத்தின் குறியாயிற்று. ஏழையின் புண் காயத்தின் விளைவாயிற்று. நீரிழிவு வசதி படைத்தோரின் நோய் என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை தொடர்ந்தமைக்கு இத்தகைய பெயர்வழக்குகளும் துணைநின்றன எனலாம்.

இம்மரபின் இன்றைய நிறுவன வடிவம் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம். 2005ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் பிரதமர் மன்மோகன் சிங் இதனைத் திறந்துவைத்தார். இதனுடைய மருத்துவமனை அயோத்திதாசப் பண்டிதர் பெயரைத் தாங்கியுள்ளது. சமூகச் சிந்தனையாளராக அறியப்படும் அவர் சித்த மருத்துவராகவும் வாழ்ந்தவர். ஒடுக்கப்பட்டோரின் குரலாக நின்ற மருத்துவர் ஒருவரின் பெயர் இம்மருத்துவமனைக்கு அமைந்தது, ‘ராஜ’ நோய் என்னும் பழைய வழக்கோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது.

3. மருத்துவமனையில் நீரிழிவு

1921–22ஆம் ஆண்டுகளில் இன்சுலின் கண்டறியப்படும்வரை, பிளவையோடு வரும் நீரிழிவு நோயாளியை மேலை மருத்துவமும் பெரும்பாலும் கைவிடவே நேர்ந்தது. கட்டியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிச் சீழை வெளியேற்றுவதே அறுவை மருத்துவர் அறிந்த வழி. சர்க்கரை கட்டுப்படாத உடலில் கீறிய இடமே புதிய புண்ணாகும் இடரும் இருந்தது. இன்சுலினும், 1940களில் புழக்கத்துக்கு வந்த பெனிசிலினும் இணைந்தபோதே இந்நிலை மாறியது.

சென்னையில் நீரிழிவுக்கெனத் தனி மருத்துவம் உருவானதில் மு. விசுவநாதனின் பங்கு முதன்மையானது. 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் அவர் நீரிழிவுக்கான தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1954இல் இராயபுரத்தில் நீரிழிவு மருத்துவமனையை நிறுவினார். இரண்டும் வடசென்னையில், துறைமுகத் தொழிலாளரும் சிறுவணிகரும் வாழ்ந்த பகுதியில் அமைந்தன. அங்கு வந்த நோயாளிகளே, நீரிழிவு செல்வரின் நோய் என்னும் கருத்துக்கு நேர்ச்சான்றான மறுப்பாவர்.

நீரிழிவு தொற்றுக்கு இடம்கொடுக்கும் முறையும் படிப்படியாகத் தெளிவாயிற்று. மிகைச் சர்க்கரையால் வெள்ளணுக்கள் கிருமியை நாடிச் செல்வதும் விழுங்குவதும் மந்தமாகின்றன. நுண்குழாய்களும் தமனிகளும் பழுதடைவதால் புண்ணுக்குக் குருதி குறைகிறது. நரம்பு தேய்வதால் காயம் பட்டதே தெரிவதில்லை. இம்மூன்றும் கூடும்போது பிறருக்குத் தீங்கு செய்யாத கிருமிகளும் துணிந்து நுழைகின்றன. நீரிழிவுப் பாதப்புண்ணில் பலவகைக் கிருமிகள் ஒருங்கே காணப்படுவதும், வெப்ப நாடுகளில் கிராம்-எதிர் வகைகள் மிகுதியாக இருப்பதும் இன்று பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்டவை. இவற்றுள் மூன்றாவது காரணமாகிய உணர்விழப்பைப் புரிந்துகொள்ள உதவியது நீரிழிவு மருத்துவமனை அன்று, தொழுநோய் நிலையம்.

4. திருமணியில் கண்ட பாதம்

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1920களில் தொடங்கப்பட்ட வெலிங்டன் சீமாட்டி தொழுநோய் நிலையம், 1955இல் இந்திய அரசின் மையத் தொழுநோய்ப் பயிற்சி ஆய்வு நிறுவனமாயிற்று. இராபர்ட் காக்ரேன் அங்குத் தொழுநோய் மருத்துவத்தை வளர்த்தவர். 1947இல் அவருடைய அழைப்பில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அந்நிலையத்தைப் பார்வையிட்டார். கொல்லிமலையில் 1914இல் பிறந்த பிராண்ட், அதுவரை தொழுநோயை அறுவை மருத்துவத்துக்கு உரிய பொருளாகக் கருதியவர் அல்லர்.

தொழுநோயில் சதை தானே அழுகி விரல்கள் உதிர்கின்றன என்பது அக்காலப் பொதுநம்பிக்கை. பிராண்டும் உடன் உழைத்தோரும் நோயாளிகளின் அன்றாடச் செயல்களை நுணுகி நோக்கினர். சுடுகலத்தைத் தொடும் கை வலியை உணர்ந்து விலகவில்லை. செருப்புக்குள் இருந்த கல்லைப் பாதம் அறியவில்லை. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அழுத்தம் விழுந்து திசு சிதைந்தது. அவ்வழியே பொதுவான சீழ்க்கிருமிகள் புகுந்து எலும்புவரை சென்றன. விரலை அழித்தது தொழுநோய்க் கிருமி நேரடியாக அன்று. வலியின்மையும் அதைத் தொடர்ந்த காயமும் தொற்றுமே என்னும் முடிவுக்கு அவர்கள் வந்தனர். மருந்து மட்டும் போதாது; பாதத்துக்கு ஓய்வும் ஏற்ற காலணியும் நாள்தோறும் கண்ணால் பார்க்கும் பழக்கமும் வேண்டும் என்பது அதிலிருந்து பிறந்த நெறி.

புண்பட்ட பாதத்தை மாவுக்கட்டுக்குள் வைத்து, அழுத்தத்தைப் பரப்பி ஆற்றும் முறையும் இப்பகுதியோடு தொடர்புடையது. இலங்கையின் அறுவை மருத்துவர் மில்ராய் பால் 1930களில் தொழுநோய்ப் பாதப்புண்ணுக்கு இதனைக் கையாண்டார். பிராண்ட் இதனை ஏற்று விரிவாகப் பயன்படுத்தினார். 1966இல் அவர் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபின், அதே நெறி நீரிழிவு நோயாளிகளின் பாதங்களுக்கும் பொருந்துவது வெளிப்பட்டது. நீரிழிவால் நரம்பு தேய்ந்த பாதமும் தொழுநோயால் நரம்பு தேய்ந்த பாதமும் புண்படும் முறையில் ஒன்றே. இன்று உலகெங்கும் நீரிழிவுப் பாதத்துக்குச் செய்யப்படும் அழுத்தக் குறைப்பு மருத்துவத்தின் வேர்களுள் ஒன்று இவ்வாறு செங்கல்பட்டிலும் வேலூரிலும் கொழும்பிலும் உள்ளது.

இங்கு ஒரு முரண் குறிப்பிடத்தக்கது. தென்னிந்தியத் தொழுநோயாளியின் பாதத்தில் கற்ற பாடம் அமெரிக்க நீரிழிவு நோயாளிக்குச் சென்று, அங்கிருந்து நீரிழிவு மருத்துவமாக மீண்டும் தமிழகத்துக்கு வந்தது. இடையே நின்ற தடை அறிவின்மை மட்டும் அன்று. பெயரின் இழிவும் ஆகும். தொழுநோய் நிலையத்தின் அறிவைப் பொதுமருத்துவமனை தன் உறவாக எண்ணாதவரை, ஒரே ஊரின் இரு புண்கள் இரு வேறு உலகங்களில் ஆற்றப்பட்டன.

5. தாம்பரமும் காசநோயின் நிழலும்

தாம்பரத்தில் 1928இல் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து காசநோய் நிலையத்தை நிறுவினார். இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் காசநோய் நிலையம் நடத்தியவர் அவர். கணித மேதை சீனிவாச இராமானுஜன் அங்கு அவருடைய மருத்துவத்தில் இருந்தார். தூய காற்றும் ஓய்வும் உணவுமே மருந்தாக இருந்த காலத்தில், குன்றுகளும் ஏரிகளும் சூழ்ந்த தாம்பரம் அதற்குத் தகுந்த இடமாகத் தோன்றியதில் வியப்பில்லை. 1937இல் நிலையம் அரசின் பொறுப்புக்கு வந்தது. தொடர்வண்டி நிலையத்தின் பெயரிலும் ‘சானடோரியம்’ நிலைத்துவிட்டது.

நீரிழிவும் காசநோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்பது பழைய மருத்துவ அறிவு. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, தமிழகத்தில் ஆராயப்பட்ட காசநோயாளிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நீரிழிவு இருந்ததைக் காட்டியது. காசநோயாளிக்குச் சர்க்கரையும், நீரிழிவு நோயாளிக்குக் காசநோயும் பார்க்கப்பட வேண்டும் என்னும் இருவழிச் சோதனை பின்னர்த் தேசிய நெறியாயிற்று.

இவ்வறிவு பயனுடையது, அதனுள் ஓர் இடரும் உண்டு. நீரிழிவு உடையவர், மெலிந்தவர், மாலைக் காய்ச்சல் உடையவர், நுரையீரல் நிழற்படத்தில் கறை உடையவர், கழுத்திலோ தோலிலோ ஆறாத சீழ்க்கட்டி உடையவர் என்றால், காசநோய் என்னும் முடிவே முதலில் எழும். இதே தோற்றத்தைக் காட்டும் மற்றொரு பாக்டீரியாத் தொற்று மெலியாய்டோசிஸ். காசநோய் மருந்துகள் அதற்குப் பயன்படா.

6. இரங்கூன் பிணவறையில் ஒரு கண்டுபிடிப்பு

1911இல் இரங்கூன் பொதுமருத்துவமனையில் ஆல்பிரட் விட்மோரும் உதவி மருத்துவர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் இறந்த உடல்களை ஆராய்ந்தபோது, நுரையீரலிலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் தோலடியிலும் சீழ்க்கட்டிகள் நிறைந்த ஒரு நிலையைக் கண்டனர். இறந்தோருள் பலர் மார்பின் ஊசிக்கு அடிமைப்பட்ட ஏழைகள். பிரித்தெடுத்த கிருமி, குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயின் கிருமியை ஒத்திருந்தது. ஆனால் அது நீந்தி அசைந்தது, ஊடகத்தில் விரைந்து வளர்ந்தது. இது புதிய நோய் என இருவரும் 1912இல் இந்தியன் மெடிக்கல் கெசட் இதழில் அறிவித்தனர்.

1921இல் மலாயாவில் பணியாற்றிய ஸ்டாண்டனும் பிளெட்சரும் இந்நோய்க்கு மெலியாய்டோசிஸ் எனப் பெயரிட்டனர். ‘விட்மோர் நோய்’ என்னும் பெயரும் வழங்கலாயிற்று. கட்டுரையின் தலைப்பின்கீழ் இணையாக இருந்த கிருஷ்ணசாமியின் பெயர் நோயின் பெயரில் இடம்பெறவில்லை. தென்னிந்தியப் பெயருடைய அவ்வுதவி மருத்துவரைத் தமிழ் மருத்துவ வரலாற்று எழுத்துகள் போதிய அளவு நினைவுகூரவில்லை. நோயை மறைத்த பெயர்களின் வரலாற்றில், கண்டறிந்தவரையே மறைத்த பெயர் இது.

கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. வெறுங்காலின் வெடிப்பு, சிறுகாயம், மூச்சு, குடிநீர் வழியாக உடலுள் புகுவது. பருவமழைக் காலத்தில் நோயாளிகள் பெருகுவது வட ஆஸ்திரேலியாவிலும் தாய்லாந்திலும் நன்கு காணப்பட்டது. நோயுறுவோருள் பாதிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையோர் என்பதைப் பல ஆய்வுத் தொகுதிகள் காட்டின. 1989இல் தாய்லாந்தில் செய்யப்பட்ட மருந்தாய்வு, செஃப்டாசிடிம் என்னும் மருந்து இறப்பைப் பாதியாகக் குறைத்ததை நிறுவியது. தொடக்க ஊசி மருந்துக்குப்பின் ஏறத்தாழ மூன்று திங்கள் மாத்திரை மருத்துவமும் தேவை.

இந்தியாவுக்குள் இந்நோய் அறியப்பட்ட கதை மேலும் சிந்திக்கத்தக்கது. இந்திய மருத்துவ இதழில் 1912இலேயே எழுதப்பட்ட நோய், மும்பையில் ஒரு குழந்தையிடம் கண்டறியப்பட்டதாக 1991இல்தான் பதிவாயிற்று. அடுத்து வேலூர் நுண்ணுயிரியலாளர்கள் தொடர்ந்து நோயாளிகளைக் கண்டறிந்து அறிவித்தனர். புதுச்சேரி வட்டாரத்து நெல்வயல் மண்ணிலும் கிருமி கண்டறியப்பட்டது. நோய் 1990களில் வந்தேறியது என்பதைவிட, அதுவரை ஆய்வகத் தட்டில் ‘சூடோமோனாஸ் வகை’ என்றோ மாசு என்றோ ஒதுக்கப்பட்டது என்பதே பொருத்தமான விளக்கம். 2016இல் வெளியான உலக மதிப்பீடு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,65,000 பேர் நோயுறுவதாகவும் 89,000 பேர் இறப்பதாகவும் கணித்து, தெற்காசியாவின் பங்கு பெரிது எனக் காட்டியது.

7. ஏரியும் புறநகரும்

தென்சென்னைப் புறநகர் நீரால் உருவான நிலம். சேலையூர், செம்பாக்கம், சிட்லப்பாக்கம், பெருங்களத்தூர் முதலிய ஊர்கள் ஒவ்வொன்றும் ஓர் ஏரியையும் அதன் பாசன வயலையும் கொண்டு வளர்ந்தவை. வயல் மனையாயிற்று, கலங்கல் தெருவாயிற்று. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானபோது, முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. பல நாள் சேற்றிலும் நீரிலும் நடந்த கால்களுள் உணர்விழந்த கால்களும் இருந்திருக்கும் என்பதை உய்த்துணரலாம்.

நீரிழிவு பற்றிய இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் நாடளாவிய ஆய்வு 2023இல் வெளியிடப்பட்டபோது, நாட்டின் வளர்ந்தோருள் 11.4 விழுக்காட்டினர் நீரிழிவு உடையோர் எனத் தெரிந்தது. ஏரி நிலத்தில் குடியேறிய நகரம், பருவமழை, நீரிழிவு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடுகின்றன. இப்பகுதி மண்ணில் எந்தக் கிருமி உண்டு என்பதை ஆய்வகமே கூற வேண்டும். ஆனால் எந்த நோயாளியிடம் அதனைத் தேட வேண்டும் என்பதை வரலாறு கூறுகிறது: காசநோய் மருந்துக்கு அடங்காத சீழ்க்கட்டியோடு மழைக்காலத்தில் வரும் நீரிழிவு நோயாளியிடம்.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. முதலாவதாக, நீரிழிவுக்கும் தோல் தொற்றுக்கும் உள்ள உறவைத் தமிழ் மருத்துவ மரபு பிளவை என்னும் சொல்வழி அறிந்திருந்தது; ‘ராஜபிளவை’ என்னும் வழக்கின் சமூகப் பொருள் அவ்வறிவின் பரப்பைச் சுருக்கியது. இரண்டாவதாக, உணர்விழந்த பாதம் பற்றிய அறிவு தொழுநோய் நிலையத்தில் பிறந்து நீரிழிவு மருத்துவத்துக்கு வந்தது. நோய்ப்பெயரின் இழிவு அதன் வழியை நீட்டித்தது. மூன்றாவதாக, காசநோய் என்னும் வலுவான பெயர், நீரிழிவு உடையோரிடம் தோன்றும் அரிய பாக்டீரியாத் தொற்றுகளை மறைக்கும் இயல்புடையது. மெலியாய்டோசிஸ் இந்தியாவில் கண்டறியப்பட்ட காலத்தாழ்வு இதற்குச் சான்று.

பிளவை என்ற சொல்லை வழங்கியோர் புண்ணைக் கண்டு உடலை நினைத்தனர். பிற்காலத்துத் தனித்தனி நிலையங்கள் தமக்குரிய நோயைக் கண்டு புண்ணைப் பொருத்தின. இவ்விரு பார்வைகளுக்கும் இடையிலான தொலைவை வழக்கமான ஒரு செயல் குறைக்கக்கூடும்: ஆறாத புண்ணின் சீழை ஆய்வகத்துக்கு அனுப்புவது, அங்கு வளரும் கிருமியை மாசு என ஒதுக்குமுன் அதன் பெயரைக் கேட்பது. நெடுவழியின் மூன்று நிலையங்களும் தத்தம் பழைய நோயாளர் பதிவேடுகளை இந்நோக்கில் மீளப் படிக்குமாயின், பிறிதொரு நோயின் பெயரில் பதிவாகி மறைந்த நீரிழிவு நோயாளிகளின் வரலாறு வெளிப்படும். அது தமிழ் மருத்துவ வரலாற்றாய்வு மேற்கொள்ள வேண்டிய அடுத்த பணியாகும்.